பேட்டரி திருடனைப் பிடிக்க காருக்குள் சைரன்! 2 நாள் தூக்கம் இல்லாமல் தவித்த தெரு

சென்னை, சூளையில் ஒரு குறுகலான தெரு. காலை மணி 6. வெண்பொங்கல் 80 பொட்டலம் கட்டி ரெடி. சாம்பார் தூக்கு ரெடி. சட்னி, வடை எல்லாம் டிக்கியில் ஏறியாகி விட்டது. டிபன் கடைக்காரர் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

கார் உறுமவில்லை. "டிக்" என்ற சத்தம் கூட இல்லை!

பதறிப் போய் இறங்கி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரி இருந்த இடம் காலி. இரண்டு ஒயர் மட்டும் தலையை நீட்டிக் கொண்டிருந்தது. இரவோடு இரவாக யாரோ ஒரு ஆசாமி கைவரிசையைக் காட்டி விட்டுப் போய் விட்டான்.

இவருக்கு கடை என்று தனியாக எதுவும் கிடையாது. 2003-ம் வருட மாடல் மாருதி 800 கார்தான் கடை. பாரிமுனை அருகே ஓரமாக நிறுத்தி டிக்கியைத் திறந்தால் வியாபாரம் ஆரம்பம். ஆபீஸ் குமாஸ்தாக்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், கடைப் பையன்கள் எல்லாரும் வாடிக்கை. சமையல் மனைவி, டிரைவர், சப்ளையர், கல்லா மூன்றும் கணவர்.

அன்றைக்கு ஆட்டோ பிடித்து, அண்டாவை மடியில் வைத்துக் கொண்டு போய்ச் சேருவதற்குள் மணி 8.30 தாண்டி விட்டது. பசியோடு வந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போய் விட்டார்கள். 35 பொட்டலம் மீதி! புது பேட்டரிக்கு வட்டிக்கு வாங்கியது தனிக்கதை.

"போலீசில் சொல்லவில்லையா?" என்று தெருவில் கேட்டார்கள். "ஒரு பேட்டரிக்காக யாருங்க ஸ்டேஷன் படி ஏறுறது? அன்னிய பொழப்பும் போயிடும்" என்றார் அவர். பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பேட்டரி திருடுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வசதி வேண்டும்?

கடைசியில் மனைவிதான் முடிவு செய்தார். "அலாரம் வெச்சிடலாங்க. சீட்டுப் பணம் வருது இல்ல?"

ஜி.பி. ரோட்டில்...

அண்ணா சாலையில் இருந்து ராயப்பேட்டை பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை சென்னைக்காரர்கள் "ஜி.பி. ரோடு" என்றுதான் சொல்வார்கள். சீட் கவர், கண்ணாடிக்குக் கறுப்பு பேப்பர், ஹாரன், விளக்கு, பாட்டுப் பெட்டி... காருக்கு அலங்காரம் என்றால் இந்த ரோடுதான். ரோட்டோரத்திலேயே காரை நிறுத்தி, கதவைப் பிரித்துப் போட்டு வேலை நடக்கும். பின்னால் போகும்போது சினிமாப் பாட்டுப் பாடும் "ரிவர்ஸ் ஹாரன்" ஊரையே பிடித்து ஆட்டிய காலத்தில் அதுவும் இங்கே விற்றது.

அங்கே ஒரு கடையில் ஒயரிங் வேலை பார்க்கும் பாய்க்கு வயது 50-க்கு மேல். அம்பாசடர், பியட் காலத்தில் தொழில் கற்றவர். அந்தக் கார்களுக்கு பாதுகாப்பு என்றால் ஒரு சாவி, ஒரு பூட்டு. அவ்வளவுதான்.

மாருதியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். டிரைவர் பக்கக் கதவின் கண்ணாடி ரப்பரை விரலால் நீக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இங்க பாருங்க. ஸ்கேல் விட்ட கீறல். ரப்பர் சந்துல இரும்பு ஸ்கேலை இறக்கி உள்ள இருக்கிற கம்பியைத் தூக்கிட்டான். கதவு திறந்துச்சு. உள்ள லிவரை இழுத்தான், பானெட்டும் திறந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை."

இப்போது வரும் கார்களின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்த சிப்பைக் கார் அடையாளம் கண்டு கொண்டால்தான் என்ஜின் ஓடும். ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இது கட்டாயம். ஆனால் 1983-ல் பிறந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்று போன மாருதி 800-ல், இந்தப் பழைய வண்டியைப் போன்றவற்றில் அது இல்லை. வெறும் இரும்புச் சாவி. அதுவும் தேய்ந்தது!

அறுத்தால் கத்துமா?

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது சாதா அலாரம். ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு சைரன், ஒரு சின்ன சிவப்பு விளக்கு, இரண்டு ரிமோட், ஒரு கட்டு ஒயர். விலை குறைவு. கணவர் பர்சை எடுத்து விட்டார்.

மனைவி விடவில்லை. "பாய், அவன் திருட வர்றதே பேட்டரியை. பேட்டரியைக் கழட்டிட்டா இது எப்படிக் கத்தும்?"

பாய் சிரித்து விட்டார். "அக்கா கரெக்டா பாயிண்டைப் பிடிச்சுட்டாங்க!"

உண்மையும் அதுதான். சாதா சைரனுக்கு உயிர் காரின் பேட்டரியில் இருந்துதான் வருகிறது. பேட்டரி ஒயரை ஒரே வெட்டு வெட்டினால் சைரனும் ஊமையாகி விடும். இதற்கென்றே தனியாக சைரன் உண்டு. அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரி. கார் கரண்ட் போனதும் அது தானாகக் கத்த ஆரம்பிக்கும். அதை நிறுத்த சைரனிலேயே ஒரு குட்டிச் சாவி. மெக்கானிக் ஷெட்டில் பேட்டரி கழற்றும்போது இந்தச் சாவியைத் திருப்ப மறந்தால், மெக்கானிக் காது போய் விடும்! விலை கூடுதல்தான். ஆனாலும் அதையே போடச் சொன்னார்கள்.

ஒயர் கூட்டம்

காலை 11 மணிக்கு வேலை ஆரம்பம். பாய் முதலில் செய்த காரியம், பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றியது. "இதைச் செய்யாம டாஷ்போர்டுக்குள்ள கையை விடுறவன் தொழில்காரன் இல்ல" என்றார்.

கறுப்புப் பெட்டிக்கு வேண்டியது மூன்று முக்கியமான ஒயர். ஒன்று, எப்போதும் 12 வோல்ட் இருக்கும் ஒயர். அதற்கு பியூஸ் கட்டாயம். அதுவும் பேட்டரிக்குப் பக்கத்தில். பியூஸ் இல்லாத ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால் கார் தீப்பிடித்துக் கொள்ளும். இரண்டாவது, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருகும்போதும் அதில் கரண்ட் அறுந்து போகக் கூடாது. மூன்றாவது எர்த். பெயிண்டைச் சுரண்டி விட்டு வெள்ளைத் தகரத்தில் முடுக்க வேண்டும். பாதி அலாரங்கள் கிறுக்குப் பிடித்து ஆடுவதற்குக் காரணம் பெயிண்ட் மேல் முடுக்கிய எர்த்தாம்.

அடுத்தது கதவு சுவிட்ச். கதவைத் திறந்தால் கூரை விளக்கு எரிகிறதே, அந்த சுவிட்சில் இருந்துதான் அலாரத்துக்கும் துப்பு போகிறது. சுவிட்ச் இல்லாத இடத்தில் புதிதாக ஓட்டை போட்டு வைக்க வேண்டும். பானெட்டுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று வைத்தார்கள். டிக்கி வேலையை உதவிப் பையன் பார்த்தான். இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் கதை இங்கேதான் வருகிறது.

சைரனை பானெட்டுக்குள், வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும்படி மாட்டினார் பாய். மேல்பக்கம் பார்த்தால் மழைத்தண்ணீர் உள்ளே நின்று விடும். என்ஜின் சூடு படாத இடம், கீழே இருந்து கை விட்டால் எட்டாத இடம் என்று பார்த்து வைப்பதற்கே அரை மணி நேரம் ஆனது.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டா?"

மதியம் ஒரு சின்ன தகராறு.

அலாரம் போட்டிருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்ய முடியாமல் ஒரு ரிலே வைப்பார்கள். சாவியில் இருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் ஒயரை இடையில் வெட்டி அந்த ரிலே வழியாகக் கொண்டு போவார்கள். இதைப் பார்த்த கணவர், "பாய், இது பெட்ரோல் வண்டி. நாலு பேர் தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும். ஓடுற என்ஜினையே நிறுத்துற மாதிரி வெச்சிடுங்க" என்றார்.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்து விட்டார்.

"அண்ணே, அது மட்டும் கேட்காதீங்க. ரிலே பத்து ரூபா சாமான் மாதிரி. என்னிக்காவது புட்டுக்கும். ஸ்டார்ட்டர் ஒயர்ல இருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது, வீட்டு வாசல்லயே நிக்கும். ஓடுற என்ஜினை அறுக்கிற ஒயர்ல இருந்தா? மேம்பாலத்துல ஏறும்போது நிக்கும். பின்னாடி பஸ் வருது. டிக்கியில சூடான சாம்பார்."

கணவர் பேசவில்லை.

ஓடிக் கொண்டிருக்கும்போது என்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் கல்லாகி விடும். வாக்குவம் உதவி உள்ள பிரேக், சில மிதிக்கு மேல் இறுகி விடும். ஸ்டார்ட்டர் ஒயரிலும் கூட, ரிலேயில் கரண்ட் இல்லாதபோது வழி திறந்திருக்கும்படிதான் பாய் மாட்டினார். அலாரம் பெட்டி செத்துப் போனாலும் காலையில் கார் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதே கணக்கு. தள்ளிக் கொண்டு போகிறவனுக்கு, கியர் பூட்டு ஒன்று தனியாக வாங்கிப் போட்டார்கள். பார்த்தாலே தெரியும் இரும்பு.

புதுக் கார்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக் கொள்ள இரண்டே மெல்லிய ஒயர்கள் இருக்கும். கண்ட இடத்தில் வெட்டி ஒட்டினால் வாரண்டி போகும். காரே படுத்து விடும். மஞ்சள் உறை போட்ட ஒயர் என்றால் கையே வைக்கக் கூடாது. அது ஏர்பேக் ஒயர். அங்கே பல்பு வைத்த டெஸ்டர் நீட்டினால், ஏர்பேக் முகத்தில் வெடித்தாலும் வெடிக்கும்.

ரிமோட்டுக்குப் பாடம்

மாலை 4 மணிக்கு ஒயர் வேலை முடிந்தது. அடுத்தது புரோகிராம். பெட்டிக்கு ரிமோட்டை அறிமுகப்படுத்தும் வேலை.

சாவியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, மூன்றாவது தடவை போட்டு நிறுத்தினார் பாய். டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு சின்னப் பட்டனை அழுத்திப் பிடித்தார். சைரன் "கீச்" என்றது. உடனே முதல் ரிமோட்டை அழுத்தினார். இன்னொரு "கீச்". இரண்டாவது ரிமோட். அதற்கும் "கீச்". சில நொடிக்குள் அழுத்தாவிட்டால் பெட்டி கதவை மூடிக் கொள்ளும். மறுபடி முதலில் இருந்து. அழுத்தும் கணக்கு கம்பெனிக்கு கம்பெனி மாறும். காகிதத்தைத் தொலைத்து விட்டால் திண்டாட்டம்தான்.

பல பெட்டிகளில் புதிதாகப் பாடம் எடுத்தால் பழைய ரிமோட் எல்லாம் மறந்து போகும். சிலவற்றில் மறக்காது; நாலு ரிமோட் வரை வைத்துக் கொள்ளும். பழைய கார் வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கார் உங்கள் வாசலில், ரிமோட் ஒன்று பழைய சொந்தக்காரர் மேஜையில்! வாங்கிய அன்றே எல்லாவற்றையும் அழித்து விட்டு உங்கள் ரிமோட்டை மட்டும் ஏற்ற வேண்டும்.

அந்தக் கால ரிமோட்டுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணை அனுப்பின. பக்கத்தில் நின்று அதைப் பிடித்து வைத்துக் கொண்டு திரும்ப அனுப்பும் கருவிகள் வந்தன. அதற்கு எதிராகத்தான் தடவைக்குத் தடவை எண் மாறும் முறை வந்தது. அதில் பிரபலமான "கீலாக்" முறை 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. 2008-ல் ஜெர்மனியின் போக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதையும் உடைத்துக் காட்டி விட்டார்கள். ஆனாலும் சூளையில் ஸ்கேலோடு வருகிறவன் அவ்வளவு படித்தவன் இல்லை.

பாய் இன்னும் மூன்று மாற்றம் செய்தார். தானாகப் பூட்டிக் கொள்ளும் வசதியை நிறுத்தினார். இல்லாவிட்டால் பொங்கல் விற்றுக் கொண்டிருக்கும்போது கார் தன்னைத்தானே பூட்டிக் கொள்ளும். பூட்டும்போது வரும் "கீச்" சத்தத்தையும் நிறுத்தினார். விடியற்காலைத் தெரு அல்லவா? சைரன் கத்தும் நேரத்தை ஒரு நிமிடத்தில் இருந்து 30 வினாடிக்குக் குறைத்தார்.

அன்று இரவு ரகளை

இரவு 10 மணிக்கு ரிமோட்டை அழுத்தி விட்டுப் படுத்தார்கள். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. நிம்மதி!

1.10 மணிக்கு சைரன் அலறியது. ஓடி வந்து பார்த்தால் யாரும் இல்லை. 2.40-க்கு மறுபடி. 3.30-க்கு மறுபடி. தெருவே விழித்துக் கொண்டது. நாய்கள் ஒன்றுக்கு நான்காகக் குரைத்தன.

எதிர் வீட்டு மாடியில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் மனைவி ஆபரேஷன் ஆகி வீடு வந்து பத்து நாள்தான் ஆகிறது. பெரியவர் பால்கனியில் நின்று கத்தினார்.

"இது காரா, ஆம்புலன்சாய்யா? மாத்திரை போட்டு இப்பதான் கண்ணை மூடினா. உன் பேட்டரி போனா வேற வாங்கலாம். இவ தூக்கம் போனா எங்கய்யா வாங்குவேன்?"

பதில் சொல்ல முடியுமா? இவர் கீழே தலை குனிந்து நின்றார். சட்டமும் பெரியவர் பக்கம்தான். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. கார் சைரன் அதையெல்லாம் எங்கேயோ தாண்டி நிற்கிறது.

அடுத்த நாள் இரவும் இதே கதை. இந்தத் தடவை மனைவி ஒரு காரியம் செய்தார். அலாரத்தை நிறுத்தும்போது கார் "கீச்" போட்டதை எண்ணினார். பொழுது விடிந்ததும் காரை ஓட்டிக் கொண்டு ஜி.பி. ரோடு.

"பாய், நாலு கீச் வந்துச்சு. மூணு தடவையும் நாலுதான்."

பாயின் முகம் மாறியது. இந்தப் பெட்டியில் இரண்டு கீச் என்றால் அதிர்ச்சி சென்சார். மூன்று என்றால் கதவு. நாலு என்றால் டிக்கி. தெருவில் எல்லோரும் சொன்னது போல பூனையும் இல்லை, தண்ணீர் லாரி அதிர்வும் இல்லை. டிக்கியைத் திறந்து பார்த்தார். உதவிப் பையன் வைத்த சுவிட்சின் முள் கொஞ்சம் குட்டை. டிக்கி மூடியும் அது முழுசாக அமுங்கவில்லை. லாரி போனால் மூடி ஒரு நூல் அளவு தூக்கும், சுவிட்ச் "திறந்து விட்டான்" என்று சொல்லும், சைரன் அலறும்.

"தப்பு நம்முதுக்கா. காசு வேணாம்" என்றார் பாய். முள் நீளமான சுவிட்ச் மாற்றி, சாக்பீஸ் தடவி, மூடியில் அழுந்துகிறதா என்று நாலு தடவை பார்த்தார். கையோடு அதிர்ச்சி சென்சாரின் திருகையும் கொஞ்சம் குறைத்து வைத்தார். உள்ளங்கையால் கண்ணாடியில் தட்டினால் கத்தக் கூடாது. முஷ்டியால் குத்தினால் கத்த வேண்டும். அதுதான் அளவு.

அதற்குப் பிறகு ஐந்து இரவு சத்தமே இல்லை.

வந்தான் திருடன்!

ஆறாவது இரவு 3.20 மணி. சைரன்!

தெருவில் ஒரு ஜன்னல் கூடத் திறக்கவில்லை. "ஆரம்பிச்சுட்டான்யா மறுபடி" என்று புரண்டு படுத்தவர்கள்தான் அதிகம். டிபன்காரர் வீடு பின்கட்டில். சத்தம் காதில் விழுந்து, லுங்கியைச் சரி செய்து கொண்டு ரிமோட்டோடு ஓடி வருவதற்குள் 30 வினாடி முடிந்து சைரன் அடங்கி விட்டது.

டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. பானெட் தூக்கியும் தூக்காமலும் இரண்டு விரல் இடைவெளியில் நின்றது. கீழே ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். பேட்டரி இருந்த இடத்திலேயே இருந்தது!

மேலே இருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது. பெரியவர்.

"மஞ்ச சட்டை. கையில பை. மெயின் ரோடு பக்கம் ஓடினான். நான் சத்தம் போட்டதும் செருப்பைக் கூட விட்டுட்டான் பாரு."

எல்லோரும் படுத்திருக்க, இவர் மட்டும் எப்படி எழுந்தார்? மனைவிக்கு மாத்திரை கொடுக்க அந்த நேரத்துக்கு எப்போதும் விழித்திருப்பாராம்.

இந்தத் தடவை டிபன்காரர் ஸ்டேஷன் படி ஏறினார். ஸ்பேனர், ஒற்றைச் செருப்பு இரண்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போனார். திருட்டுக்கு 2024 ஜூலை 1 முதல் பழைய 379 கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதா 303 என்று எழுதிக் கொள்கிறார்கள்.

இன்சூரன்சில் ஏதாவது தள்ளுபடி உண்டா என்று விசாரித்தார். அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி என்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்பது மோட்டார் கட்டண விதியில் இருந்த சலுகை. இவர் போட்டிருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும். பைசா கிடையாது!

இரண்டு ரிமோட்டில் ஒன்று இப்போது எதிர் மாடியில் பெரியவரிடம் இருக்கிறது. பின்கட்டில் இருந்து அழுத்தினால் சுவர் மறைக்கிறது. பால்கனியில் இருந்து கார் நேராகத் தெரிகிறது. சும்மா அலறினால் அவரே நிறுத்தி விடலாம். நிறுத்தும்போது எத்தனை "கீச்" என்று எண்ணி வைத்துக் கொள்ளவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் கார் கிளம்பும் முன் ஒரு பொட்டலம் பொங்கல் மாடிக்குப் போகிறது. ஆபரேஷன் ஆன அம்மாளுக்காக மிளகு குறைத்துப் போட்டது.